கவிதா பட்டமளிப்பு: ஸ்வான்சிக்கு ஒரு நாளா, இரண்டு நாளா?

வசந்தா சித்தி: விசா வந்துவிட்டது! ஜூலையில் கவிதாவுக்குப் பட்டமளிப்பு. லண்டனிலிருந்து காலையில் வேல்ஸில் இருக்கும் ஸ்வான்சிக்குப் போய் ராத்திரியே திரும்பிவிடலாமா?

ரமணி பெரியம்மா: முருகன் துணை

குமார் அத்தான்: ஒரு நாள் போதும். வேல்ஸில் கார்டிஃப்தான் பெரிய ஊர்.

பாலு அண்ணன்: சித்தி, அப்படிச் செய்யாதீர்கள். லண்டன் பேடிங்டன் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் போகவே மூன்று மணி நேரம். எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். வேல்ஷ் மொழியில் இந்த ஊர் அபெர்டாவே. டாவே ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் என்று அர்த்தம். ஒரு காலத்தில் உலகத்துக்கே செம்பு உருக்கித் தந்த ஊர். உருக்குவதற்குத் தாதுவைவிடக் கரி அதிகம் வேண்டும். கரி இங்கே கிடைத்ததால் சிலி, கியூபாவிலிருந்தெல்லாம் தாது கப்பலேறி வந்தது. 1941 பிப்ரவரியில் மூன்று ராத்திரி தொடர்ந்து குண்டு விழுந்து நடு ஊரே எரிந்தது. பிறகு புதிதாகக் கட்டிய கடைத்தெருவை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று கிளம்பிவிடக் கூடாது.

வசந்தா சித்தி: குளிருமா?

பாலு அண்ணன்: ஜூலையில் பரவாயில்லை. மழைக்கோட்டு கொண்டு வாருங்கள், காற்றில் குடை நிற்காது.

ரமணி பெரியம்மா: தயிர்?

பாலு அண்ணன்: எல்லாக் கடையிலும் உண்டு பெரியம்மா.

பெரியப்பா: சோபர்ஸ் ஆறு சிக்ஸர் அடித்தது அங்கேதானே?

பாலு அண்ணன்: ஆமாம், 1968, செயின்ட் ஹெலன்ஸ் மைதானம். கடற்கரைக்குப் பக்கத்திலேயே.

பெரியப்பா: மால்கம் நாஷ் ஓவர். எட்டாவது படிக்கும்போது பேப்பரில் பார்த்தேன்.

குமார் அத்தான்: மாமா, முதலில் டிக்கெட்டை முடிவு செய்வோம்.

மீனா அக்கா: பாலு பட்டம் வாங்கியபோது ஒருவரும் போகவில்லை.

வசந்தா சித்தி: அப்போது தாத்தா ஆஸ்பத்திரியில் இருந்தார், மீனா.

பாலு அண்ணன்: விடு மீனா. அன்றைக்கு விழா முடிந்து கடலோரமாகவே பக்கத்து ஊர் மம்பிள்ஸ் வரை தனியாக நடந்தேன். கோட்டு கைமேல், காலுக்குக் கீழே மணல் சரசரவென்று. 1807இல் கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றிய ரயில் ஓடிய வழி அது. உலகத்திலேயே அதுதான் முதல். அப்போது குதிரை இழுத்தது. 1960இல் நிறுத்திவிட்டார்கள். சித்தி, அந்த வழியில் உங்களை நடத்திக் கூட்டிப்போக வேண்டும்.

வசந்தா சித்தி: வருகிறேன் கண்ணா.

பாலு அண்ணன்: மறுநாள் கோவர் தீபகற்பம், அதன் முனையில் இருக்கும் ரொசில்லி கிராமம். அங்கே வோர்ம்ஸ் ஹெட் என்று பாம்பு படுத்த மாதிரி ஒரு பாறைத்தீவு. கடல் நன்றாக உள்வாங்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டரை மணி நேரம்தான் நடந்து போகலாம். தவறினால் அங்கேயே மாட்டிக்கொள்வோம். நேரம் பார்த்து வைக்கிறேன்.

சித்தப்பா: மட்டி கிடைக்குமா?

பாலு அண்ணன்: மார்க்கெட்டில் பென்கிளாவ்த் மட்டி, வேகவைத்தே விற்பார்கள். மிளகுத்தூள், வினிகர் போட்டு நின்றபடியே சாப்பிடலாம்.

குமார் அத்தான்: லண்டன் ஹோட்டல் பணம் திரும்ப வராது, பார்த்துக்கொள்ளுங்கள்.

கவிதா: அம்மா, பட்டுப்புடவை சரி. செருப்பு வேண்டாம், ஷூ எடுத்து வா. பாறையில் நடக்க வேண்டும்.

வசந்தா சித்தி: ஹோட்டல்காரரிடம் காலையில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

பெரியப்பா: அந்த மைதானத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, வசந்தா.