மறு: இடைநிலைத் தோட்டாவா, இடையாற்றல் தோட்டாவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கைத்துப்பாக்கியின் தோட்டாவுக்கும் முழு வலிமையுள்ள ரைபிள் தோட்டாவுக்கும் இடைப்பட்ட வகைக்கு (intermediate cartridge) தமிழில் என்ன பெயர் வைப்பது என்று இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். பெயரைப் பற்றிப் பேசுமுன் பொருளைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

ஏ.கே. துப்பாக்கியின் 7.62×39 தோட்டாவையும் நேட்டோ படைகளின் 7.62×51 தோட்டாவையும் மேசைமேல் அருகருகே நிறுத்துங்கள். முதல் எண் முனையிலிருந்து பாயும் குண்டின் பெயரளவிலான விட்டம், இரண்டாவது எண் மருந்து அடைத்த உலோக உறையின் நீளம், இரண்டுமே மில்லிமீட்டரில். சின்னதன் எடை 16 கிராம் அளவு, பெரியது ஏறத்தாழ 24 கிராம். சின்னதன் உறை அடியில் பருத்து மேலே போகப்போகச் சிறுக்கிறது. அப்படிப்பட்ட முப்பது தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடுக்கு தானாகவே வளையும். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் ஏ.கே.யின் மகசின் வளைந்திருப்பது அதனால்தான், அழகுக்காக அல்ல. அந்தச் சரிவால் சுட்டபின் வெற்று உறை துப்பாக்கியின் அறையிலிருந்து சிக்காமல் உருவி வருகிறது.

இப்போது நம் செய்தித்தாள்களுக்கு வருவோம். 2019இல் இந்திய இராணுவத்துக்காக சிக் சாவர் நிறுவனத்தின் 72,400 சிக் 716 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. 2021 டிசம்பரில் அமேதி மாவட்டம் கோர்வாவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே.-203 செய்ய ரஷ்யாவுடன் ஒப்பந்தமானது. இரண்டையும் தமிழில் “7.62 மி.மீ. துப்பாக்கி” என்று எழுதி முடித்துவிடுகிறோம். முதலாவது சுடுவது 7.62×51, இரண்டாவது 7.62×39. ஒன்றின் தோட்டா மற்றதற்கு உதவாது. நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் உருவான திருச்சி அசால்ட் ரைபிளும் 7.62×39 வகைதான். இந்த வேறுபாட்டைச் சொல்லச் சொல் இல்லாததால், படிப்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போகிறது. அதனால்தான் இந்த விவாதத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடிவமைத்த தோட்டாக்கள் ஆயிரம் மீட்டருக்கு அப்பாலும் ஆளை வீழ்த்தும். ஆனால் காலாட்படையின் சண்டை பெரும்பாலும் முந்நூறு, நானூறு மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. மிஞ்சும் வலிமை முழுக்க வீரனின் தோளில் உதைப்பாகவும் முதுகில் சுமையாகவும் இறங்குகிறது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் தங்கள் 7.92×57 தோட்டாவின் உறையை 33 மி.மீ.க்குக் குறுக்கினார்கள். 1943இல் சோவியத் நாடு 7.62×39ஐக் கொண்டுவந்தது. இந்த நடுவகைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். மடல்களில் வந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

> குறுந்தோட்டா எனலாமே? ஜெர்மன் பெயரும் அதே பொருள்தான்.

ஜெர்மானியருக்கு அது பொருந்தியது, பழையதை வெட்டித்தானே புதியதைச் செய்தார்கள். ஆனால் கைத்துப்பாக்கியின் 9×19 தோட்டா இவை எல்லாவற்றையும்விடக் குட்டை. அதை எங்கே வைப்பது?

> நடுத்தர விட்டத் தோட்டா?

இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 2022இல் அமெரிக்கத் தரைப்படை தேர்ந்தெடுத்த 6.8×51ஐப் பாருங்கள். விட்டத்தில் அது நேட்டோவின் 5.56க்கும் 7.62க்கும் இடையே நிற்கிறது. ஆனால் அதன் வேகமும் தாக்கமும் 7.62×51ஐத் தாண்டக்கூடியவை. உள்ளே எழும் அழுத்தத்தைப் பித்தளை மட்டும் தாங்காது என்பதால் உறையின் அடியை எஃகில் செய்கிறார்கள். இதை “நடுத்தரம்” என்று சொன்னால் படிப்பவரை நாமே தவறான இடத்தில் கொண்டுபோய் விட்டதாகும்.

> இடைநிலைத் தோட்டா போதாதா?

எதற்கும் எதற்கும் இடை என்று இந்தச் சொல் சொல்வதில்லை. இடைநிலை ஆசிரியர், இடைநிலைக் கல்வி என்று புழங்கிய காதுக்கு இது ஒரு பள்ளிப் படிநிலையாகத்தான் கேட்கும்.

> இடைவலுத் தோட்டா?

இது மிக நெருங்கி வந்த சொல். ஆனால் இந்த இழையில் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் எழுப்பிய தடையைத் தள்ள முடியாது. இலங்கைப் பாடநூல்களில் வலு என்பது வாட்டில் அளக்கப்படுவது, தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதற்குப் பெயர் திறன். நாம் ஒப்பிடுவதோ ஜூலில் அளக்கப்படுவது. அது இங்கே ஆற்றல், அங்கே சக்தி. ஆற்றல் என்றால் அங்கும் குழப்பமில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அதனால் என் முன்மொழிவு இடையாற்றல் தோட்டா.

கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. குழல்வாயைவிட்டு வெளியேறும்போது 9×19இன் குண்டுக்கு ஏறத்தாழ 500 ஜூல், 7.62×51க்கு 3,300 ஜூல் அளவு. நடுவில் 5.45×39 சுமார் 1,400, நேட்டோவின் 5.56×45 சுமார் 1,700, 7.62×39 சுமார் 2,000. விட்டமும் நீளமும் எப்படி மாறினாலும் மூன்றும் ஒரே குடும்பமாக வந்து நிற்கின்றன, 6.8×51 அந்தக் குடும்பத்தில் சேராமல் வெளியே போகிறது. ஒரு கலைச்சொல் இப்படித்தான் இனம் பிரித்துக் காட்ட வேண்டும்.

கூடவே உறுப்புகளின் பெயரையும் பிரித்துக்கொள்வோம். தோட்டா என்பது முழுப்பொருளுக்கு மட்டும். அதில் பித்தளை அல்லது எஃகு உறை, உள்ளே மருந்து, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு, முனையில் குண்டு. “தோட்டா உடலைத் துளைத்தது” என்று எழுதுவதை விட்டுவிட வேண்டும். உறை துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே விழுந்துவிடுகிறது, துளைப்பது குண்டு மட்டுமே. வெடிகுண்டோடு குழம்பும் இடங்களில் ஈழத்தில் வழங்கும் சன்னம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். “சன்னம் பாய்ந்து காயம்” என்று அங்கே அன்றாடம் எழுதுகிறார்கள். மகசினுக்கு அவர்களுடைய ரவைக்கூடு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! அதையும் தயங்காமல் ஏற்போம்.

இன்னும் தீராதது இடையாற்றலுக்கு மேலுள்ள வகையின் பெயர். பேராற்றல் தோட்டா என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வேண்டாம் என்பேன். கனரக இயந்திரத் துப்பாக்கியின் 12.7×99 தோட்டா பதினைந்தாயிரம் ஜூலுக்கும் மேல் தருகிறது, பேராற்றல் என்பதை அதற்கு வைத்துக்கொள்வோம். 7.62×51க்கும் 6.8×51க்கும் முழுவாற்றல் தோட்டா என்று வைக்கலாமா? புணர்ச்சி சரிதானா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். இது முடிவானால்தான் “தாக்குதல் துப்பாக்கி” (அசால்ட் ரைபிள்) என்பதை எந்தெந்தத் துப்பாக்கிக்கு எழுதலாம், சிக் 716க்கு அது பொருந்துமா என்ற அடுத்த இழையைத் தொடங்க முடியும்.