பில் எவன்ஸின் உச்சம் எது: 1961 வேன்கார்டா, கடைசி ட்ரியோவா?

இடதுகை:
ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் ஜாஸ் கிளப்பில் 1961 ஜூன் 25 அன்று பதிவானதைத்தான் எல்லோரும் கைகாட்டுகிறார்கள். ஸ்காட் லஃபாரோ பாஸ் (கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியம்), பால் மோஷன் டிரம்ஸ். பதினோராம் நாள், ஜூலை 6இல், லஃபாரோ கார் விபத்தில் இறந்தார், வயது 25. அந்தத் துயரமும் சேர்ந்துதான் அந்தப் பதிவை இவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறது. பியானோ வாசிப்பை மட்டும் எடுத்தால், மார்க் ஜான்சனும் ஜோ லபார்பராவும் இருந்த கடைசி ட்ரியோவில்தான், அதாவது மூவர் குழுவில்தான், எவன்ஸ் முழுசாக வெளிப்பட்டார்.

நள்ளிரவுப்பண்:
ஏற்க முடியவில்லை. 1961இல் மாறியது பியானோ மட்டும் இல்லை, மூவரும் சேர்ந்து வாசிக்கும் முறையே மாறியது. எவன்ஸ் இடதுகையில் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) வாசிக்கும்போது அதற்குப் பெயர் தரும் ரூட் ஸ்வரத்தை விட்டுவிடுவார். டி மைனர், ஜி செவன், சி மேஜர் என்ற கார்டு வரிசையைப் பாருங்கள்: முதல் கார்டு எஃப்-ஏ-சி-இ. அடுத்ததற்கு மூன்று விரல் அசையாது, சி மட்டும் அரைப்படி இறங்கி பி ஆகும்: எஃப்-ஏ-பி-இ. பிறகு இ-ஜி-பி-டி. கீழே டி, ஜி, சி எதையும் அவர் தொடுவதில்லை. அந்த இடம் காலியாக இருப்பதால்தான் லஃபாரோ ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு ஸ்வரம் வைத்துக்கொண்டே இருக்காமல் மேல் ஸ்தாயிக்குப் போய் பதில் சொல்ல முடிகிறது. வாசித்துப் பழகுகிறவர்கள் இதே கார்டுகளை ஒரு ஆக்டேவ் கீழே வைத்தால் ஒலி குழம்பிப் போகும். ரூட்டையும் சேர்த்தால் பாஸ்காரரோடு மோதும்.

இடதுகை:
அது சரி. ஆனால் பாஸ் இல்லாதபோது எவன்ஸ் என்ன செய்கிறார்? ‘நார்டிஸ்’ பாட்டை இரண்டு இடத்தில் கேளுங்கள். 1961 பிப்ரவரியில் பதிவான ‘எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்’ தொகுப்பில் அது ஆறு நிமிடத்துக்குள் முடிகிறது. 1979 நவம்பரில் பாரிஸ் கச்சேரியில் 17 நிமிடத்துக்கு மேல் போகிறது. தொடக்கத்தில் நீண்ட தனிப் பியானோ. அங்கே இடதுகையே அடித்தளத்தையும் தாங்கி, எதிர் மெட்டையும் வாசிக்கிறது. 1961இன் எவன்ஸிடம் இந்தக் கட்டுமானம் கிடையாது.

மரக்கட்டை:
நீளத்தை வைத்து உச்சத்தை அளக்க வேண்டாம். கடைசி வருடங்களில் எவன்ஸின் தாளம் முந்தி ஓடும், வேகப் பாட்டுகளில் இது நன்றாகவே தெரியும். 1961இல் மூவரும் அவசரமே படாமல் இருப்பார்கள். ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’ கேளுங்கள். மோஷன் பிரஷ்ஷால் சிம்பலை உரசுவது கேட்கும், லஃபாரோ மிகக் குறைவான ஸ்வரங்களையே வைக்கிறார். லஃபாரோ எப்போதும் நிரப்பிக்கொண்டே இருப்பார் என்கிறவர்களுக்கு அந்த ஒரு பாட்டே பதில்.

நள்ளிரவுப்பண்:
இன்னொன்று. அன்றைக்கு வாசித்ததை முதலில் இரண்டு எல்பி இசைத்தட்டாகப் பிரித்தார்கள். லஃபாரோ மறைந்த பிறகு தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸும் எவன்ஸும் பாஸ் முன்னால் நிற்கும் பதிவுகளாகப் பார்த்து ‘சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்’ தொகுப்பில் வைத்தார்கள். அது தொடங்குவதும் முடிவதும் லஃபாரோ எழுதிய பாட்டுகளில்: ‘குளோரியாஸ் ஸ்டெப்’, ‘ஜேட் விஷன்ஸ்’. அதை மட்டும் கேட்டால் எடை பாஸ் பக்கம் சாயும். 2005இல் வந்த மூன்று சிடி தொகுப்பு அன்றைய ஐந்து செட்டையும் (இடைவேளை விட்டு வாசித்த பகுதிகள்) வாசித்த வரிசையிலேயே தருகிறது. ‘ஆல் ஆஃப் யூ’ மூன்று முறை வருகிறது. மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டால் எது முன்பே பேசி வைத்தது, எது அந்த நேரத்தில் பிறந்தது என்று பிரித்துவிடலாம். முதல் ‘குளோரியாஸ் ஸ்டெப்’ நடுவே ஒலி அறுந்தால் சிடியைக் குறை சொல்லாதீர்கள், அன்று மின்சாரம் போனது.

இடதுகை:
வரிசைப்படி கேட்பதுதான் முறை என்றால் அதே நியாயத்தைக் கடைசி ட்ரியோவுக்கும் கொடுங்கள். 1980 ஜூனில் அதே வேன்கார்டில் பதிவானது ‘டர்ன் அவுட் த ஸ்டார்ஸ்’ என்று ஆறு சிடியாக வந்திருக்கிறது. தாளம் முந்துவது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் மெதுவான பாட்டுகளில் கார்டுகளை அவர் பிரித்து விரிக்கிற விதத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். செப்டம்பர் 15இல் இறந்துபோன மனிதர், ஜூனில் இப்படி வாசித்திருக்கிறார்.

மரக்கட்டை:
கேட்கிறேன். எதைக் கேட்டாலும் ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டாம். பாஸின் அடித்தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது எழும்பாது. லஃபாரோவும் ஜான்சனும் பாதி காணாமல் போவார்கள். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டு வாருங்கள், விவாதத்தைத் தொடரலாம்.