அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் யூனிஃபார்ம்: எது எடுபடுகிறது, எது சொதப்புகிறது?

வைகைக்கரையான்:
புது டிசைன் வந்தால் எல்லார் கண்ணும் ஹெல்மெட் மேல்தான். முதலில் நம்பரைப் பாருங்கள். விதிப்படி ஜெர்சி நம்பரின் உயரம் முன்பக்கம் குறைந்தது 8 அங்குலம், முதுகில் 10 அங்குலம். ஜெர்சி நிறத்திலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரியணும். சுற்றி வெள்ளை பார்டர் போட்டுச் சமாளிக்க முடியாது. பார்டரைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். கறுப்பில் அடர்சாம்பல் நம்பர் போஸ்டரில் கெத்தாக இருக்கும். கேலரி உச்சியில் இருப்பவருக்கு 38-ஆ, 88-ஆ என்றே புரியாது. சோதிக்க ஒரு வழி: போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கி நகம் அளவுக்குச் சுருக்குங்கள். அப்போதும் நம்பர் படிக்க முடிந்தால் பாஸ்.

தோள்பட்டை:
லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக அணியான யுசிஎல்ஏ-வின் ஜெர்சியில் தோளைச் சுற்றி வரும் கோட்டுப் பட்டையை யாரும் சொல்லவில்லையே. 1949-ல் பயிற்சியாளராக வந்த ரெட் சாண்டர்ஸ் கொண்டுவந்தது. ஆள் ஓடும்போது வேகம் கூடுதலாகத் தெரியணும் என்பது யோசனை. அப்போது ஜெர்சியின் கை நீளமாக இருந்ததால் பட்டை தோளைச் சுற்றி முழு வளையமாக வந்தது. இப்போது எதிராளி பிடித்து இழுக்க முடியாதபடி, உள்ளே போடும் தோள் கவசத்தை ஒட்டி இறுக்கமாகத் தைக்கிறார்கள். கை என்று ஒன்றே இல்லை. அக்குளோடு துணி முடிகிறது, வளையமும் பாதியில் நிற்கிறது. பழைய பட்டையைப் புது வெட்டில் அப்படியே ஒட்டினால் இந்தக் கதிதான். மொத்தத்தைக் குறைத்து, தோளின் மேல்பகுதிக்குள்ளேயே முடிக்கணும்.

மஞ்சள்சட்டை:
தங்க நிறம்தான் பெரிய தலைவலி. ஹெல்மெட்டில் உலோகப் பெயின்ட் ஜொலிக்கும். அதே தங்கம் பேண்ட் துணியில் கடுகு நிறமாகிவிடும். கலர் நம்பர் ஒன்றாக இருந்தும் பிரயோஜனமில்லை, துணி ஒளியை அப்படித் திருப்பாது. பெயின்ட் தகட்டையும் துணித் துண்டையும் வெயிலில் ஒன்று, இரவு விளக்கில் ஒன்று என்று இரண்டு முறை பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். வெளிர்சாம்பலும் இப்படித்தான்: வியர்வை பட்ட இடமெல்லாம் திட்டுத்திட்டாகக் கறுக்கும்.

வைகைக்கரையான்:
@மஞ்சள்சட்டை சரியாச் சொன்னீங்க. இரண்டு அணியும் வெள்ளை போடாமல் தத்தம் நிறத்திலேயே மோதும் ஆட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 2008-ல் அதே ஊர்ப் போட்டி அணியான யுஎஸ்சி, யுசிஎல்ஏ மைதானத்துக்கு விருந்தாளி அணி போட வேண்டிய வெள்ளைக்குப் பதில் தன் சிவப்பிலேயே போனது. தண்டனையாக ஒரு டைம் அவுட் (ஆட்டத்தை நிறுத்திக் கேட்கும் சிறு இடைவேளை) போச்சு. யுசிஎல்ஏ பயிற்சியாளரும் தன் டைம் அவுட் ஒன்றை உடனே செலவழித்துச் சமன் செய்தார். அடுத்த வருஷம் விதியே தளர்ந்தது. சிவப்பும் வெளிர்நீலமும் என்பதால் அது கண்ணுக்கு விருந்து. கருநீலமும் கறுப்பும் மோதினால் டிவியில் யார் யாரென்றே தெரியாது.

தோள்பட்டை:
அதுக்கு லூசியானா பல்கலைக்கழக அணியான எல்எஸ்யு மாதிரி சொந்த ஊரிலேயே வெள்ளை போட்டுட்டுப் போயிடலாம். விருந்தாளி தன் நிறத்தில் வரட்டும்.