முதுகலைக்கு இணையப் போர்ட்ஃபோலியோ: 40 கோப்பு இருக்கிறது, எப்படி அடுக்குவது?

பிறை ஆசிரியை:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகக் கல்வியியலில் முதுகலை படிக்கிறேன், இது இரண்டாம் ஆண்டு. செமஸ்டர் முடிவதற்குள் இணையத்தில் ஒரு போர்ட்ஃபோலியோ, அதாவது நான் செய்த வேலைகளின் தொகுப்பு, தயார் செய்யச் சொல்லியிருக்கிறார் மேற்பார்வையாளர். பின்னால் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் அது கைகொடுக்கும் என்கிறார். என்னிடம் 40 கோப்புக்கு மேல் கிடக்கிறது: கட்டுரைகள், பாடத்திட்டங்கள், படவில்லைகள், பெற்றோர் பேட்டிகளின் ஒலிப்பதிவு, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் வாசிக்கும் காணொளி.

இணையதளம் கட்டித்தரும் கூகுள் சைட்ஸில் செமஸ்டர் 1, செமஸ்டர் 2, பட்டறைகள், சான்றிதழ்கள், படங்கள் என்று 11 பக்கம் போட்டு பட்டர்வொர்த்தில் இருக்கும் தோழிக்கு அனுப்பினேன். அவள் கைப்பேசியில் பாதிக் கோப்புகள் அனுமதி கேட்டு நின்றுவிட்டன, திறந்த ஒரு கட்டுரையிலும் தமிழ் முழுக்கச் சிதைந்து கிடந்ததாம். அதைவிட, “எல்லாம் இருக்கு, ஆனா நீ எதைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன்னு தெரியலையே” என்று அவள் கேட்டது இரண்டு நாளாக மனதைவிட்டுப் போகவில்லை. வேர்ட்பிரஸ் மாதிரி வேறு தளத்துக்கு மாறிவிடலாமா? தமிழில் வைப்பதா, மலாயிலா, ஆங்கிலத்திலா? பிள்ளைகளின் காணொளியைப் போடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல் வாசி:

தங்கச்சி, எந்தத் தளம் என்பதை அப்புறம் பார்க்கலாம், உங்கள் தோழி கேட்டதுதான் சரியான கேள்வி. செமஸ்டர் வாரியாக அடுக்கினால் நீங்கள் எப்போது என்ன படித்தீர்கள் என்பது தெரியும், எதைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது தெரியாது. நானும் கோலாலம்பூரில் முனைவர் பட்டத்துக்கு முதலில் அப்படித்தான் கொண்டுபோனேன், நேர்காணலில் இருந்தவர் இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்துவிட்டு “உங்கள் ஆய்வைப் பற்றி நீங்களே வாயால் சொல்லுங்கள்” என்றார். அன்று வீட்டுக்கு வந்து முழுவதையும் கலைத்தேன்.

முகப்பில் உங்கள் ஆய்வுக் கேள்வி ஒரே வாக்கியமாக நிற்கட்டும். அதன் கீழே அந்தக் கேள்வியை நோக்கி நீங்கள் செய்ததை மட்டும் வையுங்கள், 40 கோப்பில் 7 அல்லது 8 தேறினால் போதும். மற்றவை உங்கள் டிரைவிலேயே பத்திரமாக இருக்கட்டும், யாராவது கேட்டால் கொடுக்கலாம்.

அடுத்து, எந்தக் கோப்பையும் தனியாக விடாதீர்கள். குறில் நெடில் பாடத்திட்டம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். வெறும் பிடிஎஃப்பாகப் போட்டால் அது இன்னொரு பாடத்திட்டம், அவ்வளவுதான். அதற்கு மேல் நாலைந்து வரி எழுதுங்கள்: பிள்ளைகள் ‘பல்’லையும் ‘பால்’ என்றே வாசித்தார்கள், அதனால் முதலில் கைதட்டி அளவைக் காட்டினேன், சிலருக்குப் பிடிபட்டது, சிலருக்குப் பிடிபடவில்லை, அடுத்த வாரம் இதை மாற்றினேன் என்று. இது என் உதாரணம்தான், உங்கள் வகுப்பில் நடந்ததை எழுதுங்கள். சரியாக வராத பாடத்தையும் தயங்காமல் வையுங்கள், எங்கே பிசகியது என்று நீங்கள் யோசித்த விதத்தைத்தான் விரிவுரையாளர்கள் தேடுகிறார்கள். சான்றிதழ்களுக்குத் தனிப் பக்கம் வேண்டாம், தன்விவரத்தில் ஒரு வரி போதும்.

மொழி யார் படிக்கப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை போன்ற இடம் என்றால் தமிழிலேயே வைக்கலாம். கல்வியியல் துறையில் உங்கள் குழுவில் மலாய்க்காரரும் சீனரும் இருப்பார்கள். தமிழ் ஆக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே மலாயிலோ ஆங்கிலத்திலோ மூன்று வரிச் சுருக்கம் கொடுங்கள். மொழிபெயர்க்கிறேன் என்று மூலத்தை எடுத்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் உழைப்பு.

ஜெலுத்தோங் 88:

அக்கா, அனுமதிச் சிக்கலைச் சொல்கிறேன். கூகுள் சைட்ஸில் பக்கத்தை வெளியிட்டாலும் உள்ளே பொருத்திய டிரைவ் கோப்புக்குத் தனி அனுமதி உண்டு. ஒவ்வொரு கோப்பிலும் ‘பகிர்’ போய், சுட்டி உள்ள எவரும் பார்க்கலாம் என்று மாற்ற வேண்டும். பிறகு உலாவியில் மறைநிலைச் சாளரம் திறந்து, உங்கள் கணக்கில் நுழையாமல் எல்லாச் சுட்டியையும் தட்டிப் பாருங்கள், அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிவது உங்களுக்கும் தெரியும்.

எந்தக் கணக்கில் கட்டினீர்கள் என்பதையும் பாருங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சல் என்றால் இன்றே மாற்றுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நான் படித்த இடத்தில் பட்டமளிப்பு முடிந்து சில மாதத்தில் கணக்கை மூடிவிட்டார்கள், என் தளமும் கூடவே போனது. வேலை விண்ணப்பத்தில் கொடுத்திருந்த சுட்டி எங்கும் திறக்கவில்லை, இரண்டு ஆண்டு உழைப்பு அக்கா. சொந்த ஜிமெயிலில் 15 ஜிபி இலவசம், உங்களுக்குத் தாராளம்.

வேர்ட்பிரஸ்.காம் இலவசத் திட்டத்தில் விளம்பரம் வரும், சைட்ஸில் வராது. அதனால் இப்போதைக்கு மாற வேண்டாம். கொஞ்சம் நிரல் பழகத் தயார் என்றால், கோப்புகளை ஏற்றித் தளமாக்கும் கிட்ஹப் பேஜஸ் நல்லது, தளம் 1 ஜிபி வரை இலவசம், மொத்தமும் உங்கள் கணினியிலும் ஒரு பிரதியாக இருக்கும். மாநாட்டுக் கட்டுரை இருந்தால் செனோடோவில் ஏற்றுங்கள். அது சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வு மையம் நடத்தும் களஞ்சியம், ஏற்றியதும் டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும், உங்கள் தளம் இடம் மாறினாலும் அந்த எண் மாறாது. ஆய்வாளருக்கான அடையாள எண்ணான ஆர்சிட் எண்ணும் எடுத்துவிடுங்கள், 16 இலக்கம், இலவசம்.

சிதைந்த தமிழுக்குக் காரணம் பழைய எழுத்துரு. பாமினியில் தட்டியிருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் ‘தமிழ்’ என்ற சொல்லே 4 ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும், தேடினாலும் கிடைக்காது. எல்லாக் கருவியிலும் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றிய பின் ஒற்றெழுத்துகளையும் கொம்புகளையும் மட்டும் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள், அங்கேதான் பிழை வரும்.

கூலிம் ஆசிரியர்:

டீச்சர், காணொளியைப் பற்றி மட்டும். பெற்றோரிடமும் தலைமையாசிரியரிடமும் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்காமல் போட வேண்டாம். ஆய்வுக்கு என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் இணையத்தில் போட அது போதாது, தனியாகக் கேளுங்கள். யூடியூபில் ‘பட்டியலிடப்படாத’ காணொளியாக வைத்தாலும் சுட்டி கிடைத்தவர் யாரும் பார்க்கலாம். பேட்டி கொடுத்த பெற்றோரின் குரலுக்கும் இதேதான்.

நான் செய்தது, பிள்ளையின் கையெழுத்துப் பக்கத்தை மட்டும் படமெடுத்துப் போட்டேன். அதிலும் முதல் படத்தில் நோட்டின் மேல் மூலையில் பெயரும் வகுப்பும் அப்படியே இருந்தது, பக்கத்தில் நின்ற பையனின் சட்டைப் பெயர்ப்பட்டையும் விழுந்திருந்தது. ஏற்றுவதற்கு முன்னால் படத்தைப் பெரிதாக்கி நாலு மூலையையும் பாருங்கள்.

பிறை ஆசிரியை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காலையில் பசியாறிவிட்டு உட்கார்ந்தவள் இப்போதுதான் எழுந்தேன். கட்டியது பல்கலைக்கழகக் கணக்கில்தான் தம்பி, நல்ல வேளை சொன்னீர்கள், எல்லாவற்றையும் சொந்த ஜிமெயிலுக்கு இறக்கிக்கொண்டிருக்கிறேன். காணொளியை எடுத்துவிட்டேன்.

செந்தூல் அண்ணா, ஆய்வுக் கேள்வியை ஒரு வாக்கியமாக எழுதத்தான் இவ்வளவு நேரம். இப்போதைக்கு இப்படி நிற்கிறது: “வீட்டில் தமிழ் பேசாத பிள்ளை, பள்ளியில் தமிழ் வாசிக்க முதலில் எங்கே தடுக்குகிறது?” இதற்குப் பொருந்துகிற கோப்பு 6 தேறியது. அதில் இரண்டு, நான் வெளியே காட்டவே வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்த பாடங்கள்.