அப்பத்தா வீட்டு குரூப்பும் அலுமினிய குண்டானும்

ஞாயிறு

பெரியப்பா: (ஃபார்வேர்டு) அதிர்ச்சித் தகவல்!!! அலுமினியப் பாத்திரத்தில் சமைப்பதால்தான் அல்சைமர் எனும் மறதி நோய் வருகிறது. இன்றே தூக்கி எறியுங்கள். 10 பேருக்கு பகிரவும்

மதுரை அத்தை: அண்ணே அம்மா அந்த அலுமினிய குண்டான்லதான 40 வருசமா சோறு வடிச்சாங்க. அப்ப அதுதான் காரணமா

மதுரை அத்தை: நேத்து ராத்திரி 2 மணிக்கு எந்திரிச்சு வாசக்கதவ தொறந்துகிட்டு அய்யா கடையில இருந்து இன்னும் வரலயேன்னு நிக்கிறாங்க. அய்யா போயி 19 வருசம் ஆச்சு. நான் என்னன்னு சொல்ல

பெரியம்மா: அய்யோ 😢

மலர் அக்கா: அத்தை குண்டான தூக்கி போடாதீங்க பாவம். அப்பா நீங்க தயவுசெஞ்சு இதெல்லாம் ஃபார்வேர்டு பண்ணாதீங்க. இந்த அலுமினிய கத 1965லயே ஆரம்பிச்சது, முயல் மூளைக்குள்ள அலுமினியத்த ஊசியா போட்டாங்க, நரம்பு செல்லுக்குள்ள நூல்கண்டு சிக்குன மாதிரி ஏதோ தெரிஞ்சுது, உடனே பாத்திரம்தான் காரணம்னு உலகம் பூரா கெளம்பிருச்சு. அப்பறம் நல்ல மைக்ராஸ்கோப்புல பாத்தா அந்த சிக்கு வேற, அல்சைமர் வந்தவங்க மூளையில இருக்குற சிக்கு வேற. ஆனா வதந்திக்கு மட்டும் மறதி நோயே வரல, 60 வருசமா சுத்துது

பெரியப்பா: சரிம்மா. நல்லதுக்குதான் அனுப்பினேன்

சித்தப்பா துபாய்: மலரு, குண்டான விடு. அல்சைமருக்கு புதுசா ஊசி வந்துருக்காமே லெக்கனமாப்னு. எவ்வளவு ஆனாலும் நான் பாத்துக்கறேன். அம்மாவுக்கு போட்டுருவோம்

மலர் அக்கா: சித்தப்பா கொஞ்சம் பொறுங்க, கிச்சன்ல இருக்கேன், வந்து விவரமா சொல்றேன்

மதுரை அத்தை: முதல்ல அம்மாவுக்கு அல்சைமர்தான்னு யாரு சொன்னா. இன்னும் எந்த டாக்டரும் அப்பிடி சொல்லல. வயசானா அப்பிடித்தான்னு ஒருத்தர் ரெண்டு நிமிசத்துல அனுப்பிட்டாரு

மலர் அக்கா: இதத்தான் அத்தை நான் சொல்ல வந்தேன். வயசானா மறக்கும், சாவிய எங்க வச்சோம்னு மறக்கும். சாவி எதுக்குன்னே மறந்தா அது வயசு இல்ல. இந்த நோய மொதமொதல்ல எழுதுன ஆலாய்ஸ் அல்சைமர் பாத்த பொம்பளைக்கு 51 வயசுதான், பேரு அகஸ்டே. 1901ல ஃப்ராங்க்ஃபர்ட் ஆஸ்பத்திரியில காலிஃப்ளவரும் பன்னிக்கறியும் சாப்பிட்டுகிட்டு இருந்தாங்களாம், என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டதுக்கு கீரைன்னாங்களாம். அவங்க 1906ல செத்தப்பறம் மூளைய வெட்டி சாயம் போட்டு பாத்தாரு. செல்லுக்கு வெளிய அங்கங்க படிஞ்ச கறை, உள்ள சிக்கு விழுந்த நார். இப்ப நம்ம அமிலாய்டு, டாவ்னு சொல்ற ரெண்டும் அதுதான்

மதுரை அத்தை: நம்ம அம்மாவும் போன வாரம் இட்லிய கையில வச்சுகிட்டே பணியாரம் நல்லாருக்குன்னாங்கம்மா

மலர் அக்கா: 😔

மலர் அக்கா: சித்தப்பா ஊசி விசயம். மூளையில படிஞ்ச அமிலாய்ட அகத்துற மருந்து அது. சோதனையில 1795 பேரு, 18 மாசம், பாதிப்பேருக்கு மருந்து பாதிப்பேருக்கு வெறும் தண்ணி மாதிரி ஒண்ணு. மொத்தம் 18 மார்க் உள்ள ஒரு அளவுகோல், மார்க் ஏற ஏற நெலம மோசம்னு அர்த்தம். மருந்து போட்டவங்களுக்கும் மோசமாத்தான் ஆச்சு, ஆனா மத்தவங்கள விட 0.45 மார்க் கம்மியா. மத்தவங்களுக்கு ஏறுன மார்க்கோட ஒப்பிட்டா அது 27 சதவீதம், இதத்தான் பேப்பர்ல 27 சதவீதம் மெதுவாகுதுன்னு போட்டாங்க. ரெண்டும் ஒரே கணக்குதான், எத சொல்றோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு

சித்தப்பா துபாய்: 27 சதவீதம் சின்ன விசயமா

மலர் அக்கா: சின்னதுன்னு சொல்லல. 100 வருசத்துக்கு மேல ஆகி நோயோட போக்கையே கொஞ்சமாச்சும் இழுத்துப்பிடிச்சதுல இது முன்னோடி, அமெரிக்காவுல 2023ல முழு அனுமதி குடுத்தாங்க. ஆனா போன ஞாபகம் திரும்பி வராது சித்தப்பா. ஆரம்ப கட்டத்துல இருக்கவங்களுக்கு மட்டும்தான். ஆரம்பத்துல ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ டிரிப்ஸ், நடுநடுவுல எம்ஆர்ஐ, ஏன்னா மருந்து போட்டவங்கள்ல 100க்கு 12, 13 பேருக்கு மூளையில வீக்கம் தெரிஞ்சுது. முக்காவாசி பேருக்கு வெளிய தெரியாம சரியாயிரும், சிலருக்கு ஆபத்து. அப்பத்தாவுக்கு 78 வயசு, வாசல்ல நின்னு தாத்தாவ தேடுற நெலம. இது ஆரம்ப கட்டம்னு எனக்கு தோணல

சித்தப்பா துபாய்: அமிலாய்டுதான் காரணம்ங்கற கதையே பித்தலாட்டம்னு யூட்யூப்ல ஒருத்தன் சொல்றான். படத்த மாத்தி வச்சு ஏமாத்துனாங்களாமே

மலர் அக்கா: பாதி உண்மை. 2006ல நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல வந்த ஒரு கட்டுரை, எலி மூளையில ஒரு குறிப்பிட்ட வகை அமிலாய்டுதான் மறதிய கெளப்புதுன்னு. அதுல படங்கள் திருத்தியிருக்குன்னு தெரிஞ்சு 2024ல வாபஸ் வாங்கிட்டாங்க. அசிங்கம்தான், எங்க லேப்ல இன்னும் அத பத்தி திட்டிகிட்டு இருக்கோம். ஆனா அமிலாய்டுங்கற மொத்த கட்டடமும் அந்த ஒரு செங்கல் மேல நிக்கல. கொலம்பியாவுல அன்டியோக்கியானு ஒரு மலைப்பிரதேசம், அங்க ஒரு பெரிய வம்சம், ஒரே ஒரு ஜீன் கோளாறு தலைமுறை தலைமுறையா வருது. அது இருந்தா அமிலாய்டு சேந்து 44 வயசுல தடுமாற்றம், 50 ஆகுறதுக்குள்ள முழு மறதி. லோபேரான்னு ஒரு டாக்டர் 1980கள்ல இருந்து ஊர் ஊரா போயி அவங்க வம்சாவளிய எழுதுனாரு, 2024லதான் இறந்தாரு

பெரியம்மா: அப்ப நமக்கும் பிள்ளைகளுக்கும் வருமா மலரு. எனக்கு இப்பவே பேரெல்லாம் மறக்குது

மலர் அக்கா: அம்மா நீ அப்பாவோட பிபி மாத்திரைய ஒருநாள் கூட மறந்ததில்ல, பேசாம இரு. அந்த மாதிரி நேரா பரம்பரையா வர்றது ரொம்ப ரொம்ப கம்மி. நல்ல சேதியும் அதே வம்சத்துலதான் இருக்கு. அந்த கோளாறு ஜீன் இருந்தும் ஒரு அம்மாவுக்கு 70 வயசு தாண்டுற வரைக்கும் ஞாபகம் கெடல, கிட்டத்தட்ட 30 வருசம் தள்ளிப்போச்சு. 2019ல கட்டுரை வந்துச்சு. மூளையில அமிலாய்டு நெறய்ய இருந்துச்சு, ஆனா டாவ் பரவல. அவங்களுக்கு ஏபிஓஇன்னு வேற ஒரு ஜீன்ல அபூர்வமான மாற்றம் அப்பா வழி, அம்மா வழி ரெண்டு பக்கமும் இருந்துருக்கு. அதாவது கறை இருந்தாலும் சிக்கு விழாம தடுக்க வழி இருக்கு. அத மருந்தாக்க இப்ப பல லேப் மல்லுகட்டுது, என்ன கேட்டா இந்த துறையில எனக்கு பிடிச்ச கதையே அந்த அம்மாதான்

சித்தப்பா துபாய்: சரி ஊசி வேணாம். ரத்தத்துலயே கண்டுபிடிக்கிற டெஸ்ட் வந்துருச்சாமே, அதயாச்சும் எடுப்போம்

மலர் அக்கா: ஆமா பி-டாவ் 217, ரத்தத்துல டாவோட ஒரு வகைய அளக்குறது. 2025 மே மாசம் அமெரிக்காவுல அந்த மாதிரி ரத்த பரிசோதனை ஒண்ணுக்கு அனுமதி குடுத்தாங்க. அதுவும் 55 வயசுக்கு மேல, அறிகுறி இருக்கவங்களுக்கு, டாக்டர் மத்ததெல்லாம் பாத்தப்பறம். மூளையில அமிலாய்டு சேந்துருக்கான்னு சொல்லும், அவ்வளவுதான். மறதி தெரியறதுக்கு 15, 20 வருசம் முன்னாடியே கறை சேர ஆரம்பிக்கும், சேந்தும் நல்லா நடமாடுறவங்க இருக்காங்க. அத்தை, இதுக்கு முன்னாடி 500, 1000 ரூவா டெஸ்ட்லயே பாக்க வேண்டியது இருக்கு. பி12, தைராய்டு, சர்க்கரை, சோடியம். தலையில அடிபட்டு மெதுவா ரத்தம் கட்டியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். அப்பத்தா பொங்கலுக்கு பாத்ரூம்ல வழுக்குனாங்கல்ல?

மதுரை அத்தை: ஆமா!! லேசாத்தான் இடிச்சுதுன்னாங்க, மஞ்சப்பத்து போட்டு விட்டேன்

மதுரை அத்தை: அன்னைக்கு இன்னொரு டாக்டரம்மா கடிகாரம் வரைய சொல்லிச்சு, 100ல இருந்து 7 கழிக்க சொல்லிச்சு. அம்மா பள்ளிக்கூடமே போனதில்ல, பென்சில பிடிக்கவே தெரியாது. தப்பா போட்டதும் ஃபெயில்ங்குறாங்க

மலர் அக்கா: அதுக்கு அப்பத்தாவ குத்தம் சொல்லக்கூடாது. அந்த பரிசோதனை எல்லாம் படிச்ச வெள்ளக்காரங்கள வச்சு செஞ்சது. இதுக்காகவே 10/66னு ஒரு ஆராய்ச்சி குழு வந்துச்சு, மறதி நோய்காரங்கள்ல 66 சதவீதம் நம்மள மாதிரி நாட்டுல, ஆனா ஆராய்ச்சி 10 சதவீதம் கூட இங்க நடக்கலன்னு அந்த பேரு. சென்னையும் வேலூரும் அதுல இருந்துச்சு. எழுதப்படிக்க தெரியாதவங்களையும் தப்பா முத்திர குத்தாம கேள்வி வச்சாங்க, கூட இருக்கவங்க கிட்டயும் தனியா கேப்பாங்க. இங்க கர்நாடகாவுல கோலார் பக்கம் ஸ்ரீனிவாசபுரா கிராமங்கள்லயும் 45 வயசுக்கு மேல இருக்கவங்கள வருசக்கணக்கா தொடர்ந்து பாக்குறாங்க. அத்தை, அப்பத்தா பால்காரர் கணக்கு சரியா சொல்றாங்களா, சாமி கும்புடுற முற மாறுதா, மருமக பேரையும் மக பேரையும் மாத்துறாங்களா, எல்லாத்தையும் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க. அந்த நோட்டு கடிகாரப்படத்த விட பிரயோஜனம்

மலர் அக்கா: அப்பறம் காது. டிவி சவுண்ட எவ்வளவு வைக்கிறாங்க?

பெரியப்பா: தெருவே கேக்கும்

மலர் அக்கா: 2024ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல மறதி நோய்க்கு 14 காரணம் போட்டுருந்தாங்க, எல்லாத்தையும் சரி பண்ணா உலகத்துல 45 சதவீதம் கேஸ் தள்ளிப்போடலாம் இல்ல தடுக்கலாம்னு. காது கேக்காதது, கெட்ட கொழுப்பு, பிபி, சர்க்கரை, கண்ணு தெரியாதது எல்லாம் அதுல வரும். அப்பத்தாவுக்கு வயசு தாண்டிருச்சு, ஆனா சொல்றது காதுல விழாமயே தப்பா பதில் சொல்லுறாங்களான்னு தெரியணும்ல. அப்பா இது உங்களுக்கும்தான், உங்க சர்க்கரை ரிப்போர்ட்ட இதே குரூப்புல ஃபார்வேர்டு பண்ணுங்க பாப்போம்

பெரியப்பா: 🙏

புதன்

மதுரை அத்தை: பி12 வந்துருச்சு. 148னு இருக்கு. 200க்கு மேல இருக்கணுமாம்

சித்தப்பா துபாய்: அப்ப இதுதான் காரணம்! ஊசி போட்டா சரியாயிருமா அக்கா

மலர் அக்கா: கம்மிதான், ஊசி ஆரம்பிக்கட்டும். ஆனா சித்தப்பா இப்பவே ஸ்வீட் வாங்காதீங்க. பி12 கம்மியும் இருக்கலாம் அல்சைமரும் இருக்கலாம், ரெண்டும் சேந்தே வரும். ஊசி போட்டு ரெண்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப பாக்கணும். ஸ்கேன் எப்ப?

மதுரை அத்தை: எம்ஆர்ஐ வெள்ளிக்கிழமை 11 மணிக்கு. உடம்புல பொட்டு உலோகம் இருக்க கூடாதுன்னுட்டாங்க. தோடு கழட்டிட்டேன். மூக்குத்தி வரவே இல்ல, கல்யாணத்துக்கு போட்டதாம், திருகு இறுகி கெடக்கு. தொட்டா அடிக்க வர்றாங்க

பெரியப்பா: எண்ண போட்டு பாரும்மா

மதுரை அத்தை: விளக்கெண்ண தேங்காண்ண எல்லாம் போட்டாச்சு அண்ணே

சித்தப்பா துபாய்: கடைத்தெரு ஆசாரி இருக்காரா இன்னும்

மதுரை அத்தை: அவரு இல்ல, அவரு மகன் இருக்காரு. நாளைக்கு காலையில வீட்டுக்கே வர்றேன்னுருக்காரு. அண்ணே நீங்க வந்து பக்கத்துல உக்காரணும். உங்கள அய்யான்னு நெனச்சுகிட்டா மூக்க காட்டுவாங்க

பெரியப்பா: 7 மணி பஸ்ஸ பிடிச்சு வர்றேன்