20,000 ரூபாய்க்குள் வீட்டுக்கு ஹைஃபை செட்: எதை வாங்குவது? அவசரம்

கொழிஞ்சாம்பாறைக்காரன், வியாழன் இரவு 9.40
அனைவருக்கும் வணக்கம். வீட்டுக்கு ஒரு நல்ல ஹைஃபை செட் வாங்க வேண்டும். 20,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். பாலக்காட்டில் ஒரு கடையில் 5.1 ஹோம் தியேட்டர் ஒன்றைக் காட்டி, ஆறு ஸ்பீக்கர் பெட்டிகளும் சேர்ந்து இந்த விலைக்கு ஓணத் தள்ளுபடியில் மட்டுமே கிடைக்கும் என்கிறார்கள். தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அட்டைப்பெட்டியின் மேல் 5,000 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. இப்போது இருக்கும் செட்டில் பாட்டு தெளிவாகவே இல்லை. எடுக்கலாமா வேண்டாமா என்று தெரிந்தவர்கள் உடனே சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பொள்ளாச்சி ரேடியோ, வியாழன் இரவு 10.05
தம்பி, அறை எத்தனை அடிக்கு எத்தனை அடி? எந்த மாதிரிப் பாட்டு கேட்பீர்கள்? போனிலிருந்தா, டிவியிலிருந்தா, சிடியிலிருந்தா? இப்போது இருக்கும் செட் என்ன, அதில் எது தெளிவாக இல்லை? இவை தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் அது குருட்டாம்போக்காகத்தான் இருக்கும்.

சித்தூர் பட்டறை, வியாழன் இரவு 10.30
கடைச் செட்டே வேண்டாம் என்பது என் கருத்து. இருபத்தைந்து ஆண்டுகளாக நான் செட் கட்டித் தருகிறேன். நல்ல செம்புச் சுருள் டிரான்ஸ்பார்மர், பெரிய ஹீட் சிங்க், இரண்டு சேனலுக்கும் தனித்தனிப் போர்டு போட்டு 8,000 ரூபாய்க்குள் ஆம்ப்ளிபயரைக் கட்டிவிடலாம். மீதிப் பணத்தில் எட்டு அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) வைத்துப் பிளைவுட்டில் பெட்டி அடிக்கலாம். பழுதானால் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். கடையில் வாங்கும் ஹோம் தியேட்டரில் ஒரு ஐசி (சில்லு) போனால், அதே ஐசிக்கு ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும்.

கோவை ஒலிப்பித்தன், வியாழன் இரவு 11.15
இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒரு முறை இங்கே வருகிறது; பழைய பதில்களைப் படித்துவிட்டுக் கேட்டிருந்தால் எல்லோருடைய நேரமும் மிச்சமாகியிருக்கும். 5,000 வாட் என்பது பிஎம்பிஓ கணக்கு, அதாவது ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதியில் எட்டக்கூடியதாகச் சொல்லிக்கொள்ளும் எண். வீட்டுச் சுவரில் உள்ள 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 1,380 வாட்டுக்கு மேல் தராது என்பது பத்தாம் வகுப்புப் பாடம். பிளக்கே தராத வாட்டை அந்தப் பெட்டி எங்கிருந்து எடுக்கும்? ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.
சித்தூர் நண்பர் கட்டித் தருவதாகச் சொல்லும் செட்டுகளிலும் இதே கதைதான். எல்ஏ 4440 ஐசியைப் போட்டு நூறு வாட் என்று விற்கிறார்கள். அது ஸ்டீரியோவில் சேனலுக்கு 6 வாட்டும், இரண்டு சேனலையும் ஒன்றாக்கும் பிரிட்ஜ் இணைப்பில் 19 வாட்டும் தரும் ஐசி.

சித்தூர் பட்டறை, வெள்ளி காலை 6.50
நான் 4440 போட்டு நூறு வாட் என்று யாரிடமும் சொன்னதில்லை. வாடிக்கையாளர் முன்னால் மீட்டர் வைத்துக் காட்டித்தான் பணம் வாங்குகிறேன். மற்றவர் செய்ததற்கு என் தொழிலைக் குறை சொல்ல வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன், வெள்ளி காலை 8.10
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். அறை பத்துக்குப் பத்து. எனக்கு இல்லை, அப்பாவுக்குத்தான். கர்நாடக சங்கீதம் மட்டும் கேட்பார். மிருதங்கம் கேட்கிறது, தம்பூரா கேட்கிறது, ஆனால் சாகித்யம் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒலியைக் கூட்டினால் இன்னும் மோசம் என்கிறார்.

கல்பாத்தி ரசிகை, வெள்ளி காலை 9.00
இப்போதுதான் உண்மையான கேள்வி வந்திருக்கிறது. அப்பாவுக்கு வயது என்ன? அறையின் உயரம் என்ன? பெட்டிகள் எங்கே இருக்கின்றன, அவர் எங்கே உட்காருகிறார்? வயது ஏற ஏற முதலில் குறைவது உச்ச ஒலிகளை, அதாவது சுருதி உயர்ந்த ஒலிகளை, கேட்கும் திறன். க, ச, த, ப போன்ற வல்லின எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவதில் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. உயிரெழுத்தின் பலம் அதற்குக் கீழே இருப்பதால், வயதானவருக்கு ராகம் கேட்கும், சொல் கேட்காது. அதன் மேல் தாழ்ந்த ஒலி கும்மென்று அறையை நிரப்பினால், மிச்சமிருக்கும் மெய்யெழுத்துகளையும் அது மூடிவிடும். ஒலியைக் கூட்டினால் மோசமாகிறது என்று அவர் சொல்வது மிகச் சரியான கவனிப்பு. தாழ்ந்த ஒலிக்கென்றே தனிப் பெட்டியான சப்வூஃபர் உள்ள செட்டை அந்த அறையில் வைத்தால் அவருக்கு நீங்கள் செய்வது உதவியாக இருக்காது. செட் வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை காது பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன், வெள்ளி மதியம் 1.20
வயது 74. உயரமும் பத்து அடி. பெட்டிகள் இரண்டும் மூலையில் பீரோவின் மேல் இருக்கின்றன, அப்பா எதிர்ச் சுவரை ஒட்டிக் கட்டிலில் சாய்ந்திருப்பார். தரை டைல்ஸ். டேப் டெக் 1990களில் வாங்கியது. வானொலியிலிருந்து அவரே பதிவு செய்த செம்பை வைத்தியநாத பாகவதர் கச்சேரிகள் முதலாக இருநூறு கேசட்டுக்கு மேல் வைத்திருக்கிறார்.

பொள்ளாச்சி ரேடியோ, வெள்ளி மதியம் 2.00
கேசட்டா! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, தம்பி. புது செட்டுக்கு ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். மருந்துக் கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, காதுக் குச்சியின் பஞ்சில் நனைத்து, டெக்கின் கதவைத் திறந்து, நடுவில் பளபளப்பாக இருக்க வேண்டிய, நாடாவைப் படிக்கும் ஹெட்டின் முகத்தை மெதுவாகத் துடையுங்கள். பக்கத்தில் சுழலும் மெல்லிய உலோகத் தண்டையும் துடையுங்கள். பஞ்சு பழுப்பாக வந்தால், அது நாடாவிலிருந்து உதிர்ந்து ஒட்டிய காந்தத் துகள். அந்தப் படலம் நாடாவை ஹெட்டிலிருந்து மயிரிழை விலக்கி வைத்தாலே உச்ச ஒலி முழுவதும் போய்விடும். மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கத் தாழ்ந்த ஒலி) மட்டும் பிழைத்துக்கொள்ளும். பஞ்சு வெள்ளையாக வரும்வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு கேசட்டைப் போடுங்கள்.
அதற்கும் சரியாகவில்லை என்றால், ஹெட்டின் ஒரு பக்கத்தில் சுருள்வில்லோடு ஒரு சிறிய திருகு இருக்கும். அதுதான் ஹெட்டின் சாய்வைத் தீர்மானிக்கிறது. பாட்டு ஓடும்போது அதைக் கால் சுற்றுக்குள் இப்படியும் அப்படியும் நகர்த்தினால், ஓரிடத்தில் தாளக்கட்டையின் ஒலி சட்டென்று கூர்மையாகும். அங்கே நிறுத்திவிட வேண்டும். தொடுவதற்கு முன் திருகு இருந்த நிலையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கல்பாத்தி ரசிகை, வெள்ளி மதியம் 2.45
ஹெட்டைப் பற்றிச் சொன்னதை நானும் ஏற்கிறேன். ஆனால் அறையை விட்டுவிட வேண்டாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து அடி என்றால் அது ஒரு கனசதுரம். நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் வேகத்தில் ஓடும் ஒலி, 3.05 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு சுவர்களுக்கு நடுவே, அந்த இடைவெளியைப்போல் இரு மடங்கு அலைநீளமுள்ள ஒலியைத் தேக்கி வைக்கும். அது 57 ஹெர்ட்ஸ் அளவில் வரும். நீளம், அகலம், உயரம் வேறுபட்ட அறையில் இந்தத் தேக்கம் மூன்று வெவ்வேறு ஹெர்ட்ஸுக்குப் பிரிந்துவிடும். உங்கள் அறையில் மூன்றும் ஒரே ஹெர்ட்ஸில் குவிகின்றன. கூரையை ஒட்டிய மூலையில் பெட்டி இருந்தால் அந்தத் தேக்கம் முழுப் பலத்தோடு எழும். அது மிகப் பலமாகக் கேட்கும் இடமோ சுவரை ஒட்டிய இடம், அதாவது அப்பாவின் கட்டில்.
பெட்டிகளைப் பீரோவிலிருந்து இறக்கி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, அவர் சாய்ந்திருக்கும்போது உச்ச ஒலியைத் தரும் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டர் காதின் உயரத்துக்கு வருமாறு ஸ்டூலில் வையுங்கள். கட்டிலையும் தலைப்பக்கம் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுங்கள். டைல்ஸின் மேல் ஒரு தடிமனான ஜமுக்காளம் விரியுங்கள். இதற்கெல்லாம் பணம் வேண்டாம்.

வாளையார் வழிப்போக்கன், வெள்ளி மாலை 6.10
எல்லோரும் ஸ்பீக்கர் ஒயரை மறந்துவிட்டீர்கள். என் அனுபவத்தில் பாதிக் குறை ஒயரில்தான் இருக்கிறது. ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு ஒயரை மீட்டர் 400 ரூபாய்க்கு வாங்கிப் போட்ட நாளிலிருந்து என் வீட்டில் பாடகரின் மூச்சே கேட்கிறது. 20,000 ரூபாயில் 4,000 ரூபாயை ஒயருக்கு ஒதுக்க வேண்டும்.

சித்தூர் பட்டறை, வெள்ளி மாலை 6.40
வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு மீட்டருக்கு 0.012 ஓம் மின்தடை. பெட்டி மூன்று மீட்டர் தள்ளி இருந்தால், போக வர ஆறு மீட்டர், மொத்தம் 0.07 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்த மின்தடையை மாற்றுவதற்கு 4,000 ரூபாயா?

வாளையார் வழிப்போக்கன், வெள்ளி இரவு 7.15
காதால் கேட்பதைக் கணக்கால் மறுக்க முடியாது. என் வீட்டுக்கு வாருங்கள், இரண்டு ஒயரையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுகிறேன்.

கோவை ஒலிப்பித்தன், வெள்ளி இரவு 8.30
இருவருமே பாதியைத்தான் பார்க்கிறீர்கள். முதலில் போட்டிருந்த ஒயரின் முனையைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தீர்களா? வெளியே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால், அது அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது. திருகும் இடத்தில் தளர்ந்து, காற்றுப் பட்டு, தொடர்பு கெட்டுப் போகும். அதை மாற்றியபோது வித்தியாசம் கேட்டிருந்தால், அது 400 ரூபாய் ஒயரின் பெருமை அல்ல. இதை நான் எத்தனையோ முறை எழுதிவிட்டேன்.

பொள்ளாச்சி ரேடியோ, வெள்ளி இரவு 9.20
ஒலிப்பித்தன் ஐயா, நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் கேட்டவர் முதல்முறை கேட்கிறார். ஒயர் விவாதத்தை வேறு இடத்தில் வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.
தம்பி, ஹெட்டைத் துடைத்து, பெட்டிகளை இறக்கி வைத்த பிறகும் செட் வாங்க வேண்டும் என்று தோன்றினால், ஆறு பெட்டிக்குப் போகும் பணத்தை இரண்டு பெட்டியில் போடுங்கள். ஐந்தேகால் அங்குல வூஃபரும் துணி டோம் ட்வீட்டரும் உள்ள புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடிக்குப் பன்னிரண்டாயிரம் வரை செலவழியுங்கள். வூஃபரின் விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள்; ஸ்பாஞ்சாக இருந்தால் வேண்டாம். நம் பக்கத்து ஈரக் காற்றில் அது சில ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிரும்; ரப்பராகத்தான் இருக்க வேண்டும்.
ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 86 டெசிபல் என்று இருந்தால், ஒரு வாட் கொடுக்கும்போது ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு ஒலி வரும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவுதான் என்பதால், பத்துக்குப் பத்து அறையில் அப்பாவுக்கு ஒன்றிரண்டு வாட்டே பெரும்பாலும் போதும். டிபிஏ 3116 ஐசி போட்ட சிறிய கிளாஸ் டி ஆம்ப்ளிபயர், 24 வோல்ட் அடாப்டரோடு, 8 ஓம் ஸ்பீக்கருக்கு முப்பது வாட் அளவுக்குத் தரும். அதில் பேஸ் (தாழ்ந்த ஒலி), டிரெபிள் (உச்ச ஒலி) திருகுகள் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்; பேஸைக் குறைத்து டிரெபிளைச் சற்றுக் கூட்டும் வசதி அப்பாவுக்கு அவசியம். டேப் டெக்கை அதன் பின்புறச் சிவப்பு, வெள்ளை சாக்கெட்டுகளிலிருந்து நேராக இணைக்கலாம்.
ஸ்பீக்கர் பார்க்கக் கோயம்புத்தூருக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு மனப்பாடமான கிருதி ஒன்று வேண்டாம்; சொற்கள் தெரியாத பாட்டு ஒன்றைப் போடச் சொல்லி, என்ன பாடுகிறார்கள் என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். மனப்பாடமான பாட்டில், காதில் விழாத சொல்லை மனம் நிரப்பிவிடும்.

சித்தூர் பட்டறை, சனி காலை 7.00
அந்த ஆம்ப்ளிபயரை நான் குறை சொல்லவில்லை; அளவான அறைக்கு அது போதும். பெட்டிகளை இணைக்கும்போது பிளஸ், மைனஸ் மாறாமல் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் மாறினால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். பாட்டு நடுவில் நிற்காமல் இரு பக்கமும் சிதறும். அப்பாவின் பழைய பெட்டிகளில் குறி அழிந்திருந்தால், 1.5 வோல்ட் பேட்டரியை ஒயர் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ்.

கொழிஞ்சாம்பாறைக்காரன், திங்கள் இரவு 9.55
எல்லோருக்கும் நன்றி. ஹோம் தியேட்டர் வாங்கவில்லை. சனிக்கிழமை ஹெட்டைத் துடைத்தேன். ஏழு குச்சிகள் காப்பித்தூள் நிறத்தில் வந்தன. பெட்டிகளை ஸ்டூலில் வைத்துக் கட்டிலை இழுத்துப் போட்டோம். அப்பா முதல் கேசட் முடியும்வரை எதுவும் பேசவில்லை. பிறகு அதே பக்கத்தைத் திரும்பப் போடச் சொன்னார். காது பரிசோதனைக்கு வியாழக்கிழமை போகிறோம். ஸ்பீக்கர் அதற்குப் பிறகு.

கல்பாத்தி ரசிகை, திங்கள் இரவு 10.10
மிக்க மகிழ்ச்சி. பரிசோதனை முடிவில் எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு குறைவு என்று வரைபடம் தருவார்கள். அதை வைத்து டிரெபிளை எவ்வளவு கூட்டலாம் என்று சொல்ல முடியும், இங்கே எழுதுங்கள்.

சித்தூர் பட்டறை, செவ்வாய் காலை 6.30
பழைய பெட்டிகளில் பிளஸ், மைனஸ் பார்த்தீர்களா? துலாம் மாதம், அதாவது ஐப்பசி, வருகிறது. மாலையில் இடி தொடங்குவதற்கு முன்பே டெக்கின் பிளக்கையும் ஆம்ப்ளிபயரின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

கல்பாத்தி ரசிகை, அடுத்த திங்கள் காலை 9.15
தம்பி, பரிசோதனை முடிவு வந்ததா?