நாடகம் முடிந்த பிறகு எழுந்து வந்தவர்கள்: வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

நாடக ஆசிரியை, கிளிநொச்சி

சிறுவர் மீதான பாலியல் துஷ்பிரயோகத்தைப் பற்றி எங்கள் கிராமங்களில் நாடகம் போட்டவர்கள், பார்த்தவர்கள், அதன் பிறகு பிள்ளைகளோடும் தாய்மாரோடும் கதைத்தவர்கள் எல்லோரும் தங்கள் அனுபவத்தை இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊரின் பெயர், பிள்ளையின் வயது, உறவுமுறை ஆகியவற்றை மாற்றியோ தவிர்த்தோ எழுதுங்கள். மல்லாவியிலோ விசுவமடுவிலோ இரண்டு விவரம் சேர்ந்தால் போதும், இன்ன வீடு என்று சனம் சொல்லிவிடும்.

நான் பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். நாங்கள் எடுத்துக்கொண்ட வடிவம் விவாத அரங்கு. பிரேசில் நாட்டு அரங்கியலாளர் அகஸ்தோ போல் உருவாக்கிய அந்த முறையில், ஒரு சிறு நாடகம் தீர்வில்லாமல் முடியும். பின்னர் அதே நாடகம் மறுபடியும் தொடங்கும். பார்ப்பவர்களில் எவரும் 'நிறுத்து' என்று சொல்லி எழுந்து வந்து, ஒரு பாத்திரத்தின் இடத்தில் தாம் நின்று வேறுவிதமாக நடந்து காட்டலாம். (போல் 2009 மே 2 இல் காலமானார். அன்றைக்கு நாங்கள் கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவே முள்ளிவாய்க்காலில் இருந்தோம். அப்படி ஒருவர் வாழ்ந்தார் என்பதே எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரியும்.)

எங்கள் நாடகத்தில் ஒரு தாய், அம்மம்மா, பிள்ளை, மீள்குடியேற்றக் காலத்திலிருந்து அந்த வீட்டுக்கு அரிசியும் தறப்பாளும் கொண்டுவந்து உதவிய சித்தப்பா, வகுப்பாசிரியை, அயல்வீட்டுக்காரி ஆகியோர் வருவார்கள். துன்புறுத்தல் மேடையில் காட்டப்படுவதில்லை, குறிப்பாகக்கூடக் காட்டப்படுவதில்லை. பிள்ளையின் வேடத்தைச் சிறுவர் எவருக்கும் கொடுப்பதில்லை. வளர்ந்த நடிகை ஒருவர் பள்ளிப் பையை மார்போடு அணைத்தபடி நிற்பார், அவ்வளவுதான் ஒப்பனை. பிள்ளை மூன்று இடத்தில் சொல்ல முயலும். தாயிடம் சொல்ல வாயெடுக்கும்போது அவர் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே, "அவரும் இல்லாட்டில் எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்பார். ஆசிரியை வீட்டுவேலை செய்யாததற்கு எழுப்பி நிற்க வைப்பார். அயல்வீட்டுக்காரி, "உதுகளை வெளியில கதைக்கப்படாது, பிள்ளை" என்று கதவைச் சாத்துவார்.

தொடக்கத்தில் எழுந்து வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் பிள்ளையின் இடத்தையே கேட்டார்கள். பிள்ளை கத்தியிருக்க வேண்டும், ஓடியிருக்க வேண்டும், கையைக் கடித்திருக்க வேண்டும் என்று நடித்துக் காட்டி, கைதட்டு வாங்கிக்கொண்டு போய் அமர்ந்தார்கள். சபையில் இருந்த பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தபோது, அப்படிச் செய்யாத பிள்ளைக்கு அது இன்னொரு குற்றச்சாட்டாகவே கேட்கும் என்று எங்களுக்குத் தோன்றியது. ஆகவே பிள்ளையின் இடத்தில் எவரும் நிற்க முடியாது, பெரியவர்களின் இடத்தில் மட்டுமே நிற்கலாம் என்று விதி செய்தோம். விதியைச் சொன்னவுடன் பொதுநோக்கு மண்டபம் முழுவதும் தலையைக் குனிந்துகொண்டது. வாசலருகே சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆண்களில் சிலர் வெற்றிலைக் கடைப் பக்கம் நகர்ந்தார்கள்.

நெடுநேரம் கழித்து ஒரு வயதான அம்மா பாயிலிருந்து எழுந்து, தாயாக நடித்தவரை விலகச் சொன்னார். சுளகை வாங்கினார், புடைக்கவில்லை, தரையில் வைத்துவிட்டுக் கையிலிருந்த உமியைச் சேலையில் துடைத்தார். பிறகு பிள்ளையாக நின்றவரை அருகே இருத்தி, "ஏன் பயம்? சொல்லு ராசாத்தி, அம்மா ஏச மாட்டன்" என்று கேட்டார். எங்கள் பிரதியில் அந்த இடத்தில் பிள்ளையின் பேச்சு பாதியிலேயே வெட்டப்படும். அதற்கு மேல் வசனம் இல்லை. நடிகை என்ன சொல்வதென்று தெரியாமல் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். இரண்டு பெண்கள் ஒன்றும் பேசாமல் இருந்த அந்தக் காட்சியைச் சனம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழுதிய எந்தக் காட்சிக்கும் அப்படி இருந்ததில்லை.

சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், முல்லைத்தீவு மாவட்டம்

ஆசிரியை எழுதியதற்கு அடுத்த பகுதி என்னுடையது என்று நினைக்கிறேன். நாடகம் போடுவதற்கு முன்னர் எனக்குத் தெரிவிக்காத குழுக்களை நான் வரவேற்பதில்லை என்று என்மீது ஒரு குறை இருக்கிறது. அந்தக் குறை இருக்கட்டும். மௌனத்தை உடைத்துவிட்டு அன்று மாலையே வாகனத்தில் ஏறிப் போய்விடுபவர்களுக்குப் பின்னால், வாய் திறந்த பிள்ளை அதே வீட்டுக்குத்தான் படுக்கப் போகிறது.

நாடகம் நடக்கும் இடத்தில் நான் மேடைக்கு அருகில் இருப்பதில்லை. என்னிடம் வருகிற பிள்ளையை எல்லோரும் பார்ப்பார்கள் என்பதால், தண்ணீர் குடிக்க வருகிற குழாய்க்கிணற்றுப் பக்கம் இருப்பேன். அன்றைக்கே வந்து கதைத்த பிள்ளைகள் மிகக் குறைவு. பெரும்பாலும் சில நாட்கள் கழித்து, வேறு ஏதோ அலுவலாகப் பாடசாலைக்குப் போகும்போது வருவார்கள். எந்தப் பிள்ளையும் தனக்கு நடந்தது என்று தொடங்கியதை நான் கேட்டதில்லை. ஒரு பிள்ளை என் கையிலிருந்த கோவையைப் பார்த்தபடி, "அந்த நாடகத்தில வந்த பிள்ளை பிறகு பள்ளிக்கூடம் போனவவோ?" என்று கேட்டது. போனவ என்று நான் சொன்னேன். "சித்தப்பா பிறகும் வந்தவரோ?" என்றது. நாடகத்துப் பிள்ளையைப் பற்றியே நாங்கள் இருவரும் நெடுநேரம் கதைத்தோம். எப்போது அது வேறு பிள்ளையின் கதையாக மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்படி ஒரு பிள்ளை கதைக்கும்போது செய்யக்கூடாதவை சில உண்டு. ஏன் முன்னரே சொல்லவில்லை என்று கேட்கக்கூடாது. ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது, ஏனென்றால் அந்த வாக்கை எம்மால் காப்பாற்ற முடியாது. யாருக்குச் சொல்வேன், எதற்காகச் சொல்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிள்ளையின் சொற்களை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். நாம் திருத்தி எழுதிய சொற்கள் நீதிமன்றத்தில் பிள்ளைக்கு எதிராகவே திரும்பும். தொலைபேசியில் அடிப்பதற்கு 1929 என்ற இலக்கம் இருக்கிறது. அது 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், நாட்டின் எந்த மூலையிலிருந்தும் அழைக்கலாம். அதன் பிறகு பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவு, வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரி, நீதவான் நீதிமன்றம் என்று பாதை நீளும். சிறுவரின் வாக்குமூலத்தைக் காணொளியாகப் பதிந்து சான்றாக ஏற்பதற்குச் சட்டத்தில் இடம் இருந்தும், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருந்து பஸ் மாறி மாறி வருகிற ஒரு பிள்ளை, வந்த ஒவ்வொரு இடத்திலும் அதே கதையைப் புதிதாகச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். வழக்கு முடிவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுகிறது.

இன்னொன்றையும் எழுத வேண்டும். ஒரு பாடசாலையில் நாடகத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை தன் ஆசிரியரிடம் சொன்ன விடயத்தை, அங்கு பொறுப்பில் இருந்தவர்கள் இரு குடும்பங்களையும் கூப்பிட்டுக் கதைத்து, பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணி என்று இணக்கமாக முடித்துவிட்டார்கள். எனக்கு அது தெரியவந்தபோது பிள்ளையைத் தூரத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்; குற்றம் சாட்டப்பட்டவர் அதே ஒழுங்கையில் இருந்தார். ஊரை விட்டுப் போவது எப்போதும் பிள்ளையாகவே இருக்கிறது.

சித்தப்பாவாக நடித்தவர்

என் அனுபவம் சிறியது. இந்த வேடத்தைப் பயங்கரமாக நடிக்கவேண்டாம் என்று எங்கள் ரீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே நான் அரிசிப் பையோடு வந்து, அம்மம்மாவிடம் சுகம் விசாரித்து, பிள்ளையின் சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொடுத்து, ஒரு பகிடியும் விடுவேன். சனம் சிரிக்கும், என்னை அவர்களுக்குப் பிடித்துவிடும். கதை விளங்கத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு அவர்களுக்கே அந்தரமாகிவிடுவதை மேடையிலிருந்து நேரே காணலாம். ஓரிடத்தில் ஒருவர் எழுந்து, உதவி செய்கிற சொந்தக்காரரை எல்லாம் கள்ளராக்குகிறீர்கள் என்று சத்தம் போட்டார். நாங்கள் பதில் சொல்லுமுன் அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் ஒருவர், "இருந்து பாருங்கோ அண்ணை" என்று மட்டும் சொன்னார்.

முடிந்ததும் சபைக்கு முன்னாலேயே நான் சாரத்தை மடித்து வைத்து, முகத்தைக் கழுவி, என் பெயரையும் என் மகளின் பெயரையும் சொல்லுவேன். இதைத் தவறவிடுவதே இல்லை. சிறு பிள்ளைகள் என்னைக் கண்டு பயந்தபடி வீட்டுக்குப் போகக்கூடாது.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர், வவுனியா வடக்கு

நாடகத்தில் வருகிற தாயை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் என்னைப்போல் தனியே குடும்பம் நடத்துகிற பெண்களுக்கு உதவிக்கு வருகிற ஓர் ஆணைச் சந்தேகிப்பது என்பது நாளைய அரிசியைச் சந்தேகிப்பதாகத்தான் இருக்கும். ஆனால் நாடகத்தில் காட்டாத ஒன்றும் இருக்கிறது. நுண்கடன் வசூலிக்க ஆட்கள் வீடு வீடாக வந்த நாட்களில், கட்டக் காசில்லாத தாய்மார் பின்வளவுக்குள் ஒளிந்துகொண்டு, "அம்மா வீட்டில இல்லை" என்று சொல்லும்படி பிள்ளையைப் படலைக்கு அனுப்பினார்கள். வீட்டில் பெரியவர் இல்லை என்று அறியாத ஆணிடம் நின்று சொல்லப் பழக்கியவர்கள் நாங்கள்தான். இதை நான் நாடகம் முடிந்தபின் எழுந்து சொன்னபோது என் பக்கத்தில் இருந்தவர்கள் என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். பிறகு அவர்களில் ஒருவரே எழுந்து, தானும் அனுப்பியதாகச் சொன்னார். அடுத்த சங்கக் கூட்டத்தில், வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகள் பள்ளி விட்டதும் எந்த வீட்டில் இருப்பது என்று முறை போட்டோம். நாடகக்காரர் சொல்லித்தந்த யோசனை அல்ல இது.

கூத்துக் கலைஞர், ஒட்டுசுட்டான் பக்கம்

எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. நிறுவனத்தின் பதாகையைக் கட்டிவிட்டுப் போடுகிற நாடகத்தைச் சனம் நிறுவன நாடகமாகவே பார்க்கும். தேநீர் குடித்துவிட்டு எழுந்து போகும். காத்தவராயன் கூத்துக்கு இதே சனம் விடியும்வரை இருக்கிறதே. அதனால் கூத்தில் அரசன் வருவதை அறிவித்துச் சபையோடு பேசுகிற எங்கள் கட்டியகாரனை இந்த நாடகத்துக்குள் கொண்டுவாருங்கள் என்று நான் சொன்னேன். அவன் அரசனையும் கேள்வி கேட்பான், சபையையும் கேட்பான், ஒருவரும் கோபிப்பதில்லை. விவாத அரங்கில் நடுவில் நின்று சபையை அழைக்கிற வேலையை அவன் நன்றாகவே செய்கிறான்.

அதோடு நிற்கட்டும். கூத்துப் பாட்டிலேயே இக்கதையைக் கட்டித் தரும்படி சிலர் கேட்டார்கள், நான் மறுத்துவிட்டேன். சிந்து மெட்டில் பாடினால் எந்தத் துயரமும் கேட்க இனிக்கும், பிற்பாட்டுக்காரர் சேர்ந்து பாடினால் இன்னும் இனிக்கும். இந்தக் கதை அப்படி இனிக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

நாடக ஆசிரியை, கிளிநொச்சி

எல்லோருக்கும் நன்றி. கட்டியகாரனை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். படலைக் காட்சியையும் அடுத்த முறை சேர்க்கப் போகிறோம், சம்மதித்தால் அதை இங்கே எழுதிய அம்மாவே வந்து ஒத்திகையைப் பார்க்கட்டும்.

இங்கே ஒருவரும் எழுதாத விடயம் ஆண்பிள்ளைகள். 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தில் வந்த பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றம் பெண்பிள்ளைக்கும் ஆண்பிள்ளைக்கும் ஒரேமாதிரி பொருந்துகிறது. ஊரிலோ, ஆண்பிள்ளைக்கு நடந்ததை விளையாட்டாகவும் பகிடியாகவும் கதைத்துத் தள்ளிவிடுகிறார்கள். குடும்ப மானம் என்ற பேச்சும் எழுவதில்லை, முறைப்பாடும் எழுவதில்லை. ஆகவே புதிய நாடகத்தில் பிள்ளை ஆண். கேட்கவேண்டியவர் தந்தை. சைக்கிளோடு வாசலில் நிற்பவர்களை உள்ளே கொண்டுவர வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

பாத்திரங்களுக்கு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள், தந்தைக்கு மட்டும் இன்னும் ஒருவரும் அகப்படவில்லை. குற்றம் செய்தவனைப் பிடித்து அடிக்கிற காட்சி உண்டா என்று கேட்கிறார்கள். இல்லை, மகனுக்குப் பக்கத்தில் இருந்து அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கிற காட்சிதான் என்றதும், பொலிஸ்காரன் வேடத்தைத் தரும்படி சொல்கிறார்கள்.